ரிம்ஃபயர் டார்கெட் பிஸ்டல் ஒப்பீடு: குரூப் அளந்ததும் ஜாம் எண்ணியதும்

நான்கு உயர்தர .22 (5.6 மி.மீ. குண்டு சுடும்) டார்கெட் பிஸ்டல்களை ஒரே மேஜையில் வைத்துத் துல்லியத்தையும் நம்பகத்தையும் அளந்து பார்க்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. நோட்டு முழுக்க எண்கள். அவற்றில் நம்பிப் பேசக்கூடியவை எவை, தள்ளிவிட வேண்டியவை எவை என்பதும் இப்போது பிடிபட்டிருக்கிறது. இந்த வகுப்புப் பிஸ்டல் வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: எது அதிகத் துல்லியமாகச் சுடும்? அளந்து முடித்த பிறகு அந்தக் கேள்வியை நான் இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டேன். ஏன் என்பதை வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பேச்சு வந்தாலே அடிபடும் பெயர்கள் பார்டினி எஸ்பி, வால்தர் ஜிஎஸ்பி, ஃபைன்வெர்க்பாவ் ஏடபிள்யூ93, மொரினி சிஎம்22எம் போன்றவை. மூத்த ஷூட்டர்களைக் கேட்டால் ஹேமர்லி 208, 1957-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41 என்று ஆரம்பிப்பார்கள். அமைப்பை வைத்துப் பார்த்தால் முக்கியமாக இரண்டு குடும்பம். பார்டினியிலும் வால்தர் ஜிஎஸ்பியிலும் மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டி, ட்ரிகருக்கு முன்னால் செருகும். 208, 41 போன்றவற்றில் கைப்பிடிக்குள் செருகும். மேகசின் முன்னால் போய்விட்டால் கைப்பிடிக்குள் எதற்கும் இடம் விட வேண்டியதில்லை, மரத்தை உள்ளங்கைக்குத் தகுந்தபடி செதுக்கிக்கொள்ளலாம், பேரலும் கைக்கு மிக நெருக்கமாகத் தாழ்ந்து உட்காரும், அதனால் சுட்டதும் முனை மேலே எகிறுவது குறையும். வேகச் சுற்றுகளில் இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

எங்களிடம் இருந்தவை முன் மேகசின் வகையில் மூன்று, கைப்பிடி மேகசின் வகையில் ஒன்று. எல்லாம் ரேஞ்சில் சுடும் நண்பர்களுடையவை, உரிமம் வைத்திருப்பவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே சுட்டோம். எது எந்த பிராண்ட் என்று எழுதப்போவதில்லை. ஒரு மாடலில் ஒரே ஒரு துப்பாக்கியைச் சுட்டுவிட்டு அந்த மாடலுக்கே தீர்ப்பு சொல்வது நியாயமில்லை, அதுவும் ஒன்று பல ஆண்டு உழைத்தது, இன்னொன்று பெட்டி பிரித்துக் கொஞ்ச நாள் ஆனது. ஆகவே அ, ஆ, இ, ஈ. அ பழைய முன் மேகசின், ஆ புதிய முன் மேகசின், இ எலக்ட்ரானிக் ட்ரிகர் உள்ள முன் மேகசின், ஈ கைப்பிடி மேகசின்.

சுடுவதற்கு முன் விதி அளவு பார்த்தோம். 25 மீட்டர் பிஸ்டலுக்கு ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) வைத்திருக்கும் வரம்பு: பேரல் 153 மி.மீ., குறிபார்க்கும் முன் பின் சைட்டுகளுக்கு இடையே 220 மி.மீ., எடை 1400 கிராம், இவற்றைத் தாண்டக் கூடாது. ட்ரிகரை விழவைக்கும் எடை 1000 கிராமுக்குக் குறையக் கூடாது. முழு பிஸ்டலும் 300 × 150 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். நான்கும் தேறின. ட்ரிகர் எடையை அன்றைக்கு ஒருமுறை பார்த்ததோடு விட்டிருந்தால் பின்னால் வந்த ஒரு முக்கியமான விஷயம் தெரியாமலே போயிருக்கும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் கட்டம் துல்லியம். கையால் சுட்டால் மனிதனின் ஆட்டமும் சேர்ந்துவிடும் என்பதால் பிடிமானக் கருவி தேவை. மேஜையில் போல்ட் போட்ட ஒரு பெரிய பெஞ்ச் வைஸ், தாடைகளுக்கு 3 மி.மீ. தோல், நடுவில் பிஸ்டலின் மரக் கைப்பிடி. இப்படித்தான் ஆரம்பித்தோம். குரூப் (ஒரே குறியில் சுட்ட துளைகளின் கூட்டம்) எல்லாம் செங்குத்தாக நீண்டு வந்தது. அகலம் 12 மி.மீ., உயரம் 30 மி.மீ. என்று வந்தால் தோட்டாவின் வேகம் சீராக இல்லை என்று நினைக்கத் தோன்றும், நாங்களும் ஒரு பெட்டி மாற்றிப் பார்த்தோம், பலன் இல்லை. ஸ்பாட்டிங் ஸ்கோப் வழியாக ஒவ்வொரு துளையும் எத்தனையாவது ஷாட் என்று காகிதத்தில் எண் போட்டுக் குறித்தபோதுதான் காரணம் தெரிந்தது. முதல் ஷாட் மேலே, கடைசி ஷாட் கீழே, நடுவில் உள்ளவை வரிசையாகப் படி இறங்கியிருந்தன. உண்மையான சிதறலாக இருந்தால் எண்கள் கலைந்து கிடக்கும். மரமும் தோலும் ஒவ்வொரு உதைக்கும் இம்மியளவு அமுங்கிக்கொண்டே இருந்திருக்கின்றன.

ஷாட் வரிசை குறிக்காமல் வெறும் குரூப் அளவை மட்டும் எழுதும் யாருடைய சோதனையையும் இதற்கு அப்புறம் நான் நம்புவதாக இல்லை. பிஸ்டல் மோசமா, பிடிமானம் நகர்கிறதா என்பதைப் பிரித்துக் காட்டுவது அந்த வரிசை எண் ஒன்றுதான்.

இரண்டாவது கருவி இப்படி: 12 மி.மீ. இரும்புத் தகடு அடியில், அதன் மேல் 300 மி.மீ. நீள லீனியர் ரெயில், ரெயிலில் ஓடும் வண்டி, வண்டியின் மேல் அலுமினியத் தாடை. மரக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தைத் தாடையில் பிடித்தோம். ஒவ்வொரு மாடலின் சட்டமும் வேறு வடிவம் என்பதால் நான்குக்கும் தனித்தனித் தாடை கடைய வேண்டியிருந்தது, மொத்த வேலையில் அதிக நேரம் தின்றது இதுதான். திருகுகளை டார்க் ஸ்க்ரூடிரைவரால் ஒரே அளவு இறுக்கம். சுட்டதும் வண்டி பின்னால் நகரும், கையால் முன்னே தள்ளி ஸ்டாப்பில் முட்ட வைக்க வேண்டும். திரும்பி வந்தது சரியான இடத்துக்குத்தானா என்று பார்க்க வண்டி மேலேயே ஒரு சிறிய டெலஸ்கோப் சைட். அதன் குறுக்குக் கோடு டார்கெட்டில் அதே புள்ளியில் நிற்காவிட்டால் அந்த ஷாட்டைச் சுடவில்லை. தாடை மாற்றியதும் முதல் சில ஷாட்கள் உட்கார்வதற்காக, அவை கணக்கில் இல்லை. படி இறங்குவது நின்றுவிட்டது.

அடுத்தது எத்தனை ஷாட் குரூப் என்பது. பெட்டிக்குள் தொழிற்சாலை வைத்து அனுப்பும் டெஸ்ட் டார்கெட்டில் ஒரு சிறிய கிழிந்த துளை இருக்கும், எல்லாருடைய பெட்டியிலும் அழகாகத்தான் இருக்கும். ஐந்து ஷாட் குரூப்பின் அகலம் (அதிகம் விலகிய இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம்), அதே துப்பாக்கியின் பத்து ஷாட் குரூப்பைவிடச் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு சிறியதாக வரும். அதைவிட முக்கியம், ஐந்து ஷாட் குரூப் ஒன்றுக்கொன்று தாறுமாறாக மாறும். ஆரம்பத்தில் ஐந்து ஐந்தாகச் சுட்டபோது காலையில் ஆ முதலிடம், மதியம் ஈ முதலிடம், மறுபடி சுட்டால் அ. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பத்து ஷாட் குரூப்புகளாகப் பலவற்றைச் சுட்டுச் சராசரி எடுக்க ஆரம்பித்ததும் எண்கள் நிலைகொண்டன. அகலம் அளக்க வெர்னியர் காலிப்பரில் வெளி விளிம்பு முதல் வெளி விளிம்பு வரை எடுத்து ஒரு துளையின் விட்டத்தைக் கழித்தேன். காகிதத்தில் துளை 5.6 மி.மீ. இருக்காது, நார் திரும்ப மூடிக்கொள்வதால் கொஞ்சம் சிறுத்திருக்கும், ஆகவே அதே தாளில் தனியாக விழுந்த ஒரு துளையை அளந்து அதைத்தான் கழிக்க வேண்டும். டார்கெட்டுக்குப் பின்னால் கெட்டியான அட்டை வைத்தால் துளை விளிம்பு சுத்தமாக வரும்.

தோட்டா மாற்றும்போதும் பொறுமை வேண்டும். .22 தோட்டாவின் ஈயக் குண்டின் மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கலவை. பேரலுக்குள் பழைய தோட்டாவின் பூச்சு படிந்திருக்கும்போது புதிய தோட்டாவைச் சுட்டால் முதல் ஷாட்கள் அலையும். வகை மாற்றும்போதெல்லாம் இரண்டு மேகசினாவது சும்மா சுட்டுத் தள்ளிவிட்டுத்தான் அளந்தோம். பேரலைச் சுத்தம் செய்தாலும் இதே கதைதான். செலவு என்று பார்த்தால் கருவிக்கான இரும்பும் ரெயிலும் ஒன்றுமே இல்லை. பணம் போனது தோட்டாவில், அதிலும் கணிசமான பங்கு இப்படிக் கணக்கில் வராத ஷாட்களில்.

சரி, வந்த எண்கள். ஒவ்வொரு பிஸ்டலுக்கும் பிடித்த தோட்டாவில் 25 மீட்டரில் பத்து ஷாட் குரூப்பின் சராசரி அகலம் 13-இலிருந்து 17 மி.மீ.க்குள் நான்கும் அடங்கிவிட்டன. முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளி. இதே சமயம் ஒரே பிஸ்டலில் தோட்டாவை மட்டும் மாற்றினால் 14 மி.மீ. குரூப் 25 மி.மீ. ஆனது. இன்னும் கவனிக்க வேண்டியது, ஒரே பெயர், ஒரே பெட்டி, லாட் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) மட்டும் வேறு. ஆ பிஸ்டலில் அந்த இரண்டு லாட்களுக்கு நடுவே 8 மி.மீ. வித்தியாசம். ஈ பிஸ்டலில் அதே இரண்டு லாட்களும் ஒன்று போலவே சுட்டன. விலை உயர்ந்த தோட்டா எல்லாப் பிஸ்டலிலும் ஜெயிக்கவும் இல்லை, பிஸ்டலுக்கென்றே செய்யப்பட்ட நடுத்தர விலைத் தோட்டா ஒன்று அ பிஸ்டலில் உச்ச விலைத் தோட்டாவுக்குச் சமமாக நின்றது. ஈலி (Eley), லாப்புவா போன்ற தோட்டாக் கம்பெனிகள் ஷூட்டர்கள் தங்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து பல லாட்களைச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வசதி வைத்திருப்பது ஏன் என்று இந்த எண்களைப் பார்த்தால் புரியும்.

இப்போது டார்கெட் பக்கம். 25 மீட்டர் பிரெசிஷன் டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டம் 50 மி.மீ., வேகச் சுற்று டார்கெட்டில் 100 மி.மீ. குண்டு கோட்டைத் தொட்டாலே அந்த எண் கிடைக்கும் என்பதால் குண்டின் மையத்துக்குக் கிடைக்கும் இடம் 55 மி.மீ.க்கு மேல். நான்கில் கடைசியாக வந்த பிஸ்டல்கூட அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறது. இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். சைட்டுகளுக்கு நடுவே 220 மி.மீ. இருக்கும் பிஸ்டலில் முன் சைட் நடுவிலிருந்து 0.1 மி.மீ. விலகினால் டார்கெட்டில் 11 மி.மீ. தள்ளிப் போகும். அரை மி.மீ. விலகினால் 57 மி.மீ., பத்து எங்கேயோ போய்விடும். பிஸ்டலுக்குப் பிஸ்டல் நாம் அடித்துக்கொள்ளும் 4 மி.மீ. வித்தியாசம், முன் சைட்டில் 0.04 மி.மீ.க்கும் குறைவான ஆட்டத்துக்குச் சமம். நீட்டிய கையின் நுனியில் அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது.

வேகமானியும் வைத்துப் பார்த்தோம். ஸ்டாண்டர்டு வெலாசிட்டி தோட்டாக்கள் வினாடிக்கு 300 மீட்டர் அளவில், ஒலியின் வேகத்துக்குக் கீழே ஓடும். ஷாட்டுக்கு ஷாட் 10 மீட்டர் வேகம் மாறினால் 25 மீட்டர் தூரத்தில் குண்டு விழும் உயரத்தில் வரும் மாற்றம் 2 மி.மீ. அளவே. 50 மீட்டருக்குப் போனால் அது நாலு மடங்காகும், அங்கே கவலைப்பட வேண்டும், இங்கே தேவையில்லை. தோட்டாவின் ரிம் (அடி விளிம்பு) தடிமனை அளந்து பிரித்துச் சுட்டால் குரூப் சுருங்கும் என்று சொல்வார்கள், அதையும் மைக்ரோமீட்டர் வைத்துச் செய்தோம். 1 மி.மீ. தடிமனில் நூறில் சில பங்கு வித்தியாசங்களைத் தேடி ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பிரித்து, பிறகு சுட்டால் பிரித்ததற்கும் பிரிக்காததற்கும் 25 மீட்டரில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. அந்த நேரத்தில் இன்னொரு லாட்டைச் சோதிப்பது மேல்.

இரண்டாம் கட்டம் நம்பகம். உண்மையான வேலை இங்கேதான் இருந்தது.

பிடிமானக் கருவியில் சுட்டவரை நான்கு பிஸ்டல்களிலும் ஒரு ஜாம்கூட வரவில்லை. அதை அப்படியே எழுதி முடித்திருந்தால் பெரிய தவறாகியிருக்கும். இவை எல்லாம் குண்டு வெளியேறும்போது பின்னால் தள்ளும் விசையிலேயே போல்ட் (பேரலின் பின்பக்கத்தை மூடும் உலோகத் துண்டு) பின்னே ஓடி, காலிக் கூட்டை எறிந்து, அடுத்த தோட்டாவை எடுத்து வரும் அமைப்பு. சட்டம் கனமான வண்டியில் இறுகியிருந்தால் அந்த விசையில் பெரும்பகுதி போல்டுக்குப் போகும். கையில் பிடிக்கும்போது சட்டமும் சேர்ந்து பின்னே நகர்கிறது, பிடி தளர்வாக இருந்தால் இன்னும் அதிகமாக, அந்த அளவுக்குப் போல்ட் ஓடும் தூரம் குறையும். .22 ஸ்டாண்டர்டு தோட்டாவில் உபரி விசை அதிகம் கிடையாது. ஆக நம்பகத்தைக் கையில்தான் அளக்க வேண்டும், அதுவும் ஒற்றைக் கையில், போட்டியில் சுடுவது போல, வலுவான கையும் மெல்லிய கையும் மாறி மாறி. மெஷினில் துல்லியம், கையில் நம்பகம் என்று இரண்டையும் பிரித்தோம்.

எவ்வளவு சுட வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 300 ஷாட் தடையில்லாமல் சுட்டால், கோளாறு வீதம் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இருக்காது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம், அவ்வளவுதான். பூஜ்யம் என்று சொல்ல முடியாது. 600 தடையில்லாமல் போனால் அரை சதவீதத்துக்கு மேல் இருக்காது எனலாம். அரை சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் 60 ஷாட் போட்டியில் அந்தப் பிஸ்டல் ஒருமுறையாவது தகராறு செய்ய வாய்ப்பு 26 சதவீதம், அதாவது நாலு போட்டிக்கு ஒன்று. ஒரு சதவீதம் என்றால் 45. குரூப்பில் 4 மி.மீ. வித்தியாசத்துக்கு மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நான் இந்த எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பகத்தை முதலிடத்துக்குக் கொண்டுவந்தேன்.

25 மீட்டர் பிஸ்டல் வேகச் சுற்றில் ஒரு ஷாட்டுக்கு 3 வினாடி, ரேபிட் ஃபயர் போட்டியில் ஐந்து ஷாட்டுக்கு 8, 6, 4 வினாடி. நடுவில் ஜாம் ஆனால் விதி சலுகை தருகிறது, ஆனால் அதிகாரி வந்து பார்க்கும் முன் நாமே போல்டை இழுத்துவிட்டால் சலுகை போச்சு. சலுகை கிடைத்தாலும் அந்தச் சுற்றின் ஓட்டம் உடைந்துவிடும், அதை மறுபடி கட்டி எழுப்புவது எளிதில்லை.

முதலில் வந்த ஜாம் ஆ பிஸ்டலில். புதிய பிஸ்டல், குரூப்பில் முதலிடம். குண்டின் மூக்கு, பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியான சேம்பரின் மேல் விளிம்பில் முட்டி நின்றது, எடுத்துப் பார்த்தால் ஈயத்தில் பிறை வடிவத்தில் ஒரு வழித்த தடம், மெழுகு அந்த இடத்தில் மட்டும் உரிந்திருந்தது. கொஞ்சம் கழித்து மறுபடி அதே மாதிரி. போல்டை முன்னே திரும்பத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கா, தோட்டாவா, பிடித்த கையா என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். மேகசின்களின் அடியில் பெயின்ட் பேனாவால் 1, 2, 3 என்று எழுதி, எந்த மேகசினில் ஜாம் என்று குறிக்க ஆரம்பித்ததும் விவாதம் முடிந்துவிட்டது. எல்லாம் 2-ஆம் எண் மேகசின். காலிப்பரை வைத்து மேல் உதடுகளின் இடைவெளியை அளந்தால் மற்ற இரண்டைவிட 0.2 மி.மீ. அகலம், அதனால் மேல் தோட்டாவின் மூக்கு கொஞ்சம் நிமிர்ந்து நின்றது. மூன்றையும் ஒரே உயரத்தில் மேஜையில் நிறுத்தி, மேலே ஒரு தோட்டா வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் கண்ணுக்கே தெரிந்தது. இடுக்கி வைத்து உதட்டை நெரிக்க வேண்டாம் என்று முடிவு செய்து, வேறு மேகசின் வரவழைத்துப் போட்டோம். அதற்கு அப்புறம் அந்தப் பிஸ்டலில் அந்த ஜாம் திரும்ப வரவில்லை. கெட்ட மேகசின் ஒன்றால் ஒரு நல்ல பிஸ்டலின் பெயர் கெட்டுப்போக இருந்தது.

அடுத்து ஈ பிஸ்டலில் வெடிக்காத தோட்டாக்கள். இங்கே முதலில் பாதுகாப்பு: ட்ரிகர் அழுத்தியும் வெடிக்காவிட்டால் முனை டார்கெட் பக்கமே இருக்க, குறைந்தது அரை நிமிடம் காத்திருந்து, அப்புறம்தான் போல்டைத் திறக்க வேண்டும், சத்தம் சன்னமாக வந்தால் குண்டு பேரலுக்குள்ளேயே நிற்கிறதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது. வெடிக்காதவற்றையும், அதே பெட்டியில் வெடித்த கூடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி லென்ஸ் வழியாகப் பார்த்தேன். தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் பதித்த பள்ளம் இரண்டிலும் ஒரே ஆழம், ஒரே இடம், விளிம்பு கூர்மையாக இருந்தது. ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து ரிம்மின் உள்பக்கம் முழுக்கச் சுற்றிப் பரவியிருக்க வேண்டும். எங்காவது இடைவெளி விட்டிருந்தால், ஃபயரிங் பின் அந்த இடத்தில் விழும்போது வெடிக்காது. வெடிக்காத தோட்டாவைத் திருப்பி வைத்து, ரிம்மின் வேறு இடத்தில் பின் படும்படி மறுபடி சுட்டபோது அவற்றில் பெரும்பாலானவை வெடித்தன. ஆகவே குற்றம் தோட்டாவில். பள்ளம் மேலோட்டமாக இருந்திருந்தால் பின்னையோ அதன் ஸ்பிரிங்கையோ சந்தேகப்பட்டிருப்பேன். காலி சேம்பரில் ட்ரிகரைத் தட்டிப் பழகும் ஆட்கள் பிளாஸ்டிக் பிளக் இல்லாமல் செய்தால், சில பிஸ்டல்களில் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பையே அடித்து நெளித்துவிடும், அதுவும் இதே அறிகுறியில் வந்து நிற்கும். ஈ பிஸ்டலின் சேம்பர் விளிம்பில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், மேடு எதுவும் தட்டுப்படவில்லை.

அ பிஸ்டலில் பிரச்சினை வேறு மாதிரி. சுத்தம் செய்த பிறகு 300 ஷாட் வரை எதுவும் இல்லை. அதைத் தாண்டியதும் போல்ட் கடைசி ஒரு மி.மீ. மூடாமல் நிற்க ஆரம்பித்தது, குளிரான காலை நேரத்தில் சீக்கிரமாகவே. போல்டின் முகத்திலும் காலிக் கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியிலும் கருப்பாகப் பசை, மெழுகும் புகையும் ஈயத் தூளும் சேர்ந்தது. குளிரில் மெழுகு கெட்டிப்படுவதால் காலையில் சீக்கிரம் தெரிந்திருக்கிறது. பல் துலக்கும் பிரஷும், கூர் தீட்டிய ஒரு மரக் குச்சியும் போதும். கொக்கிக்கு அடியில் குச்சியை விட்டு எடுத்தபோது அரிசி மணி அளவுக்கு ஒரு கரித் துண்டு வந்தது. அதோடு சரியாகிவிட்டது. ரீகாயில் ஸ்பிரிங்கையும் கழற்றிப் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், பழையது இரண்டு சுருள் அளவுக்குக் குட்டையாகியிருந்தது, அதையும் மாற்றினோம். இரண்டையும் ஒன்றாகச் செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியவில்லை, அடுத்த முறை ஒன்றைச் செய்து சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் இன்னொன்று.

ட்ரிகர் விஷயம் சொல்கிறேன் என்றேன் அல்லவா. விதிப்படி பேரலைச் செங்குத்தாக நிறுத்தி, 1000 கிராம் எடையை ட்ரிகரில் மாட்டித் தரையிலிருந்து தூக்க வேண்டும், ட்ரிகர் விழாமல் தாங்கினால் தேறியது. ஆரம்பத்தில் அ 1030 காட்டியது. நம்பகச் சோதனை முடிந்த பிறகு மறுபடி அளந்தபோது 1000 கிராமைத் தாங்கவில்லை, விழுந்துவிட்டது. போட்டிக்கு முன் சோதனையில் இது நடந்தால் சரிசெய்து மறுபடி கொண்டுபோகலாம். போட்டி முடிந்ததும் திடீரென்று கூப்பிட்டு அளக்கும்போது நடந்தால் தகுதி நீக்கம்தான். உள்ளே எண்ணெய் அதிகமாகப் போயிருந்தது, துடைத்து உலர்த்தியதும் எடை திரும்பியது. இப்போது எல்லோரும் 1050-க்குக் குறையாமல் வைத்துக்கொள்வது என்று முடிவு. அந்த 50 கிராமை விரல் கண்டுகொள்வதே இல்லை.

இ பிஸ்டலின் எலக்ட்ரானிக் ட்ரிகர் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது, சோதனையில் அது ஒரு முறையும் ஏமாற்றவில்லை. ட்ரிகர் விழும் இடம் கண்ணாடி உடைவது போலச் சுத்தம், ஷாட்டுக்கு ஷாட் மாறவில்லை. பேட்டரியை மட்டும் போட்டிக்கு முன் மாற்றிவிட்டு, பழையதைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டால் போதும்.

மேகசின் நிரப்பும் விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசியாகச் சில ஜாம்கள் அதிலிருந்துதான் வந்தன. .22 தோட்டாவின் ரிம் உடலைவிட அகலம். மேலே இருக்கும் தோட்டாவின் ரிம், கீழே இருப்பதன் ரிம்முக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் போல்ட் தள்ளும்போது இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஐந்து தோட்டாவை அவசரமாக அமுக்கினால் இது நடக்கும். மேலேயிருந்து பார்த்துப் போடாமல் பக்கத்துத் துளை வழியாக வரிசையைப் பார்த்துப் போட்டால் நடக்காது. இதற்குப் பிறகு மேகசினை நிரப்பும்போது யாரும் பேசுவதில்லை.

கோளாறுகளைச் சரிசெய்த பிறகு நான்கு பிஸ்டல்களையும் மறுபடி ஓட்டினோம். அ, ஆ, இ மூன்றும் 600 தாண்டித் தடையில்லாமல் போயின; அ பிஸ்டலில் 250 ஷாட்டுக்கு ஒருமுறை பிரஷ் போட்டோம். ஈ பிஸ்டலில் வேறு லாட் தோட்டாவுக்கு மாறியதும் வெடிக்காதது நின்றது. ஆக இவ்வளவு செலவில் ஒப்பிட்டுப் பார்த்தது பிஸ்டல்களை மட்டும் இல்லை, பிஸ்டல், மேகசின், லாட் மூன்றும் சேர்ந்த கூட்டணியை. ஒன்றை மாற்றினாலும் எண் மாறுகிறது. நான் வாங்க முடிவு செய்தது அ வகை. குரூப்பில் அது மூன்றாவது இடம். சட்டம் என் கைக்கு உட்கார்ந்ததும், ட்ரிகர் யூனிட்டைத் தனியாகக் கழற்றித் துடைக்க முடிவதும், மேகசினும் ஸ்பிரிங்கும் எளிதாகக் கிடைப்பதும் காரணம்.

அடுத்த முறை செய்தால் வரிசையைத் தலைகீழாக்குவேன். முதலில் கையில் 300 ஷாட், மேகசின் எண்ணோடு. அதில் தேறாதது மெஷினுக்கே போகாது. அப்புறம் ஒவ்வொரு பிஸ்டலுக்கும் நாலைந்து லாட்களில் ஒரு பெட்டி வீதம் வாங்கிச் சுட்டு, பிடித்த லாட்டை ஒரே தடவையில் பெட்டிபெட்டியாக வாங்கி வைப்பேன், ஏனென்றால் திரும்பப் போகும்போது அதே லாட் இருக்காது. குரூப்பின் அகலத்துக்குப் பதில், தாளைப் படம் எடுத்து எல்லாத் துளைகளும் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று சராசரி எடுப்பேன். அகலம் என்பது மோசமான இரண்டு ஷாட்களை மட்டுமே பார்க்கிறது, மீதி எட்டு ஷாட்டுக்கும் காசு கொடுத்துவிட்டு வீணடிப்பது போல. வெப்பநிலையையும் ஒவ்வொரு பக்கத்தின் மேலே எழுதுவேன், இந்த முறை பாதிக்கு மேல் விட்டுப்போய்விட்டது. அ பிஸ்டலில் பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு, சுத்தம் மட்டும் செய்து எத்தனை ஷாட் வரை போகிறது என்று பார்க்கும் சோதனை பாக்கி இருக்கிறது. ஸ்பிரிங்கை எத்தனை ஆயிரம் ஷாட்டுக்கு ஒருமுறை மாற்றுவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வேன்.